கூண்டுக்குள் வந்து கோழி பிடிப்பது மரநாயா, கீரியா? கொல்லாமல் தடுக்க வழி சொல்லுங்கள்

தோப்புவீடு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் வீடு. சிறுவிடை நாட்டுக்கோழி முப்பது உருப்படி இருக்கிறது. பகலில் தோப்பில் மேய்ச்சல், இரவில் கூண்டு. கூண்டு 10 அடிக்கு 6 அடி, சுவர் உயரம் 5 அடி. சவுக்குக் கால் நட்டு, சுற்றிலும் அறுகோணக் கண் உள்ள சாதாரண கோழிவலை கட்டியிருக்கிறது. மேலே சீமை ஓடு, கீழே மண்தரை. பக்கத்து மாமரத்தின் கிளை ஒன்று கூரைமேல் சாய்ந்திருக்கிறது.

கொஞ்ச நாளாக இரவில் கோழி சாகிறது. காலையில் பார்த்தால் ஒன்றிரண்டு கழுத்தில் கடிபட்டுக் கிடக்கும். தலையும் கழுத்தும் தின்னப்பட்டிருக்கும், உடம்பு அப்படியே இருக்கும். வலையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. இது ஒருபுறம் இருக்க, அடை வைத்த முட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஓடுகூடக் கிடப்பதில்லை.

அக்கம்பக்கத்தில் சொல்லும் வழிகள் மூன்று: முட்டைக்குள் குருணை மருந்து வைப்பது, கம்பியில் கரண்ட் விடுவது, இரும்புக் கண்ணி போடுவது. மூன்றையும் செய்ய மனமில்லை. தோப்பில் எலி அதிகம், குரும்பையைக் கடித்துத் தள்ளுகிறது. எலியைத் தின்னும் பிராணிகளைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவதில் அர்த்தமில்லை. வருவது என்ன பிராணி, அதை வெளியிலேயே நிறுத்தக் கூண்டில் என்ன மாற்ற வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தடம்_பார் பதில்:

முதலில் வருவது எது என்று உறுதி செய்யுங்கள். மரநாய்க்குப் போடும் தடுப்பு கீரிக்கு உதவாது, கீரிக்குப் போடுவது பாம்புக்கு உதவாது. செத்த கோழியை உடனே தூக்கிப் போடாமல், கிடந்த இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

இரவில் சாவு, கழுத்துக் கடி, தலை, கழுத்து, இரைப்பை மட்டும் தின்னப்பட்டு உடம்பு மிச்சம் என்றால் முதல் சந்தேகம் மரநாய்மேல்தான். நன்றாக மரம் ஏறும். கூரை வழியாக வரும். வளர்ந்தது 2 முதல் 5 கிலோ வரை இருக்கும், ஆனால் நாலு அங்குலச் சந்து கிடைத்தால் உடம்பை நெளித்து நுழைந்துவிடும். புனுகுப்பூனையும் கோழி பிடிக்கும், ஆனால் அது பெரும்பாலும் தரையில் நடமாடுவது, கீழே மண்ணைத் தோண்டி வரும். வாலில் வளையம் வளையமாகக் கோடு இருந்தால் புனுகுப்பூனை. வால் முழுக்கக் கறுத்து, முகத்தில் முகமூடி போட்டதுபோல் இருந்தால் மரநாய்.

பகலில் நடந்தால் கீரியைப் பாருங்கள். அது கம்பிக்கு அடியில் தோண்டும், இரண்டு அங்குல இடைவெளி தாராளம். முட்டையை ஒரு முனையில் கடித்துத் திறந்து நக்கும், ஓடு அங்கேயே கிடக்கும். உடும்பும் பகலில் வந்து முட்டை, குஞ்சு தின்னும். ஓடே இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பு என்று வைத்துக்கொள்ளலாம், நாகமோ சாரையோ முழுதாக விழுங்கியிருக்கும். குஞ்சு ஒன்று தலைப்பக்கம் மட்டும் நனைந்து, இறகு ஒட்டிப்போய் செத்துக் கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. அடைக்கோழி எந்தக் காயமும் இல்லாமல் அடையிலேயே செத்துக் கிடந்தால் நாகம் கடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் வெறுங்கையை விடாதீர்கள்.

முழுக்கோழியே காணோம், வேலிவரை இறகு சிந்திக் கிடக்கிறது என்றால் காட்டுப்பூனை அல்லது குள்ளநரி. அந்தி மயங்கும் நேரமும் விடியும் நேரமும் இவற்றுக்கு உகந்தவை. வலை கிழிந்து, பத்துப் பதினைந்து கோழி குதறப்பட்டுத் தின்னாமல் கிடந்தால் தெருநாய். பழி காட்டுப் பிராணிமேல் விழுவதில் பாதி இந்தக் கணக்குதான். இரவில் கோழியின் கால்விரல் கடிபட்டிருந்தாலும், சின்னக் குஞ்சு வளைக்குள் இழுக்கப்பட்டிருந்தாலும் பெருச்சாளி.

தடம் எடுக்க: கூண்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு, சலித்த மணல் அல்லது அடுப்புச் சாம்பலை அரை அங்குல கனத்தில் பரப்புங்கள். கோழி அடைந்த பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து, பலகையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கோழியே தடத்தைக் கலைத்துவிடும். நாலு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை இனம். நாலு விரலும் நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல், நீள நகம் என்றால் கீரி. ஐந்து விரல், நகம் தெளிவில்லாமல் உள்ளங்கால் அகலமாகப் பதிந்திருந்தால் மரநாய். நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் நகக்கீறலும் உடும்புக்கு உரியவை. வெறும் வழவழப்பான கோடு பாம்பு. மணலில் ஒன்றுமே இல்லாமல் கோழி மட்டும் செத்திருந்தால், வந்த வழி கூரை.

சுற்றுச்சுவர், சன்ஷேடு, பெரிய கிளைக் கவை ஆகிய இடங்களில் எச்சம் இருக்கிறதா பாருங்கள். மரநாய் வழக்கமாக ஒரே உயரமான இடத்தில் கழிக்கும். விதை விதையாக, செரிக்காமல் அப்படியே இருக்கும்.

தோப்புவீடு:

நன்றி அண்ணா. சாம்பல் போட்டுப் பார்த்தேன், தரையில் மரநாய்த் தடம் எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் ரூம் சன்ஷேடில் எச்சம் இருக்கிறது, உள்ளே அத்திப் பழ விதையும் சப்போட்டா விதையும் முழுசாக. மாங்கிளைக்கு நேர் கீழே ஒரு ஓடு நகர்ந்திருக்கிறது. அடைப்பெட்டிப் பக்கம் சாம்பலில் வழவழவென்று ஒரு கோடு, ஒன்றரை அங்குல அகலம் இருக்கும். அப்படியென்றால் மேலே மரநாய், கீழே பாம்பு. சரிதானே?

கம்பிவேலை பதில்:

சரி. இனி கூண்டு வேலைக்கு வருவோம். உங்கள் அளவையே வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, பிராணியை வெளியே வைக்க அல்ல. கம்பி மெல்லிசு, முறுக்கு ஒன்று விட்டால் வரிசையாகப் பிரியும், நாய் பல்லாலேயே கிழிக்கும், பாம்பு கண் வழியாகவே போகும். அரை அங்குலத்துக்கு அரை அங்குலம் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை), 18 அல்லது 19 கேஜ் கனத்தில் வாங்குங்கள். ஒரு அங்குலக் கண் விலை குறைவுதான், ஆனால் எலிக்குட்டியும் சின்னப் பாம்பும் நுழையும். வெறும் வயிற்றோடு நுழைந்த பாம்பு முட்டையை விழுங்கிவிட்டு வெளியேற முடியாமல் கம்பியில் சிக்கி அறுபடும். அதற்கும் கொடுமை, உங்களுக்கும் ஆபத்து.

தேவை: 3 அடி அகலச் சுருள் ஒன்று, 4 அடி அகலச் சுருள் ஒன்று, இரண்டும் 50 அடி நீளம். கூண்டின் சுற்றளவு 32 அடி.

3 அடிச் சுருளை நீளவாக்கில் சரிபாதியாக, 18 அங்குலத்தில் 'ட' மாதிரி மடியுங்கள். ஒரு பாதி சுவரில் மேலே ஏறும், மறுபாதி வெளிப்பக்கம் தரையில் படுக்கும். இந்தப் படுக்கைப் பகுதிதான் கீரியையும் புனுகுப்பூனையையும் நிறுத்துவது. தோண்டும் பிராணி சுவரடியில்தான் ஆரம்பிக்கும், கம்பி தட்டும், கொஞ்சம் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. மடிப்பை உள்பக்கமாகப் போட்டுவிடுபவர்கள் உண்டு, அப்படிப் போட்டால் ஒரு பயனும் இல்லை. 6 மில்லி கம்பியை வளைத்து முளையாக 2 அடிக்கு ஒன்று அடித்து, மேலே 2 அங்குல மண் போட்டு மூடுங்கள். நாலு மூலையிலும் 18 அங்குலச் சதுரம் காலியாக நிற்கும். மிச்சமுள்ள 18 அடியிலிருந்து துண்டு வெட்டிக் கட்டாயம் அடையுங்கள். மண் கரிசலாக இருந்தால் கோடையில் வெடிப்பு விட்டுக் கம்பிக்கடியில் பள்ளம் விழும். அங்கே கம்பிமேல் 3 அங்குல கனத்துக்கு ஜல்லிக் கலவை போட்டுவிடுவது நல்லது.

4 அடிச் சுருளில் 32 அடி சுவருக்கு. கீழ்க்கம்பியின் 18 அங்குலத்தோடு சேர்த்து 66 அங்குலம் வரும், சுவர் 60 அங்குலம்தான், ஆகவே 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதுவே பலம். மீதி 18 அடியை ஆறாறு அடியாக மூன்று துண்டு வெட்டி, ஓட்டுக்குக் கீழே, சுவர் மட்டத்தில் குறுக்கே விரியுங்கள். மூன்று துண்டும் 12 அடி வரும், உங்களுக்கு 10 அடி போதும். 6 அடி நீளம் மட்டும் சரியாக முட்டும். சட்டம் கோணலாக இருந்தால் கடையில் இன்னும் இரண்டு அடி அளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மரநாய் ஓட்டைத் தூக்கும், கீற்றாக இருந்தால் விலக்கும். ஓட்டைச் சிமெண்ட் வைத்துப் பூசுவதைவிட அடியில் இப்படி ஒரு கம்பிக்கூரை போடுவதுதான் நிலைக்கும். ஓட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் அது சுற்றிவிட்டுப் போகட்டும். கோழி உட்காரும் கட்டை கம்பிக்கூரைக்கு ஒன்றரை அடி கீழே, பக்கக் கம்பியிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் வெளியிலிருந்தே கடிபடும்.

கம்பியைப் பதிக்க 'யு' ஆணி வேண்டாம், கட்டுக்கம்பியும் வேண்டாம். பெரிய நாய் முட்டினால் ஆணி கழன்று வரும். சவுக்குக் காலோடு கம்பியை வைத்து, அதன்மேல் 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ வாஷரோடு முடுக்குங்கள். மொத்தம் 250 ஸ்க்ரூ பிடிக்கும். கம்பி காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், முட்டினால் கால் தாங்கும். முடுக்கும் முன் ஒவ்வொரு சவுக்குக் காலையும் தரைமட்டத்தில் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற கால் பொத்தென்று ஒலிக்கும். அதை மாற்றிவிட்டுத்தான் மேல்வேலை.

கதவுதான் எப்போதும் பலவீனமான இடம். கீழே மண்ணாக விடாமல் ஒரு கடப்பாக் கல் பதித்து, கதவுக்கும் கல்லுக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இல்லாமல் பாருங்கள். தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒன்று மட்டும் போட்டால் கீழ்மூலை வளைந்து கொடுக்கும், கீரிக்கு அது போதும். கோழி வந்துபோகும் சின்னக் கதவு வைத்திருந்தால், மேலே தூக்கும் பலகைக்குக் கீழே ஒரு கொண்டி வேண்டும். இல்லாவிட்டால் மூக்கால் தூக்கிவிடும்.

காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள். பயத்தில் தகரம் அடித்து மூடி, வெயில் காலத்தில் கோழி வெப்பத்தில் செத்துப்போவது அடிக்கடி நடக்கிறது.

மாங்கிளையைக் கூரையிலிருந்து 8 அடியாவது தள்ளி வெட்டுங்கள். தென்னை ஒட்டி நின்றால், தரையிலிருந்து 6 அடி உயரத்தில் ஒன்றரை அடி அகல ஜிஐ தகடு சுற்றலாம், எலியும் ஏறாது. ஆனால் மட்டை பக்கத்து மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகட்டால் பயனில்லை.

வேலை முடியும்வரை கோழியை அந்தக் கூண்டில் விடாதீர்கள். ஒரு தடவை கிடைத்த இடத்துக்கு மறுநாளும் கட்டாயம் வரும். திண்ணையிலோ ஸ்டோர் ரூமிலோ அடையுங்கள். கொடாப்பில் (கவிழ்த்து மூடும் கூடை) அடைத்தால் அடியில் ஒரு கம்பித் துண்டு விரித்து, மேலே 15 கிலோ கல் வையுங்கள். வெறும் கொடாப்பை நாய் சாய்த்துவிடும்.

உயிர்ச்சூழல் பதில்:

அந்த மூன்று யோசனைகளையும் நீங்கள் தள்ளியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் காரணங்களை எழுதுகிறேன்.

குருணை மருந்து என்று ஊரில் சொல்லும் போரேட் 2020 முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு இன்னும் சில இடங்களில் கைமாறுகிறது. முட்டைக்குள் வைத்த மருந்து யாரைக் கொல்லும் என்று வைப்பவரால் சொல்ல முடியாது. முதலில் சாவது பெரும்பாலும் வீட்டு நாயும் பூனையும்தான். பிறகு அந்தப் பிணத்தைக் கொத்தும் காகம், பருந்து. மேய்ச்சல் கோழியே அதைக் கொத்தலாம். குழந்தைகள் ஓடியாடும் தோப்பில் இதை நினைத்துப் பார்க்கவே கூடாது.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கு விடுவது ஆளைக் கொல்லும். தண்ணீர் கட்டப் போன விவசாயிகள் பக்கத்து வேலியில் மாட்டிச் செத்த செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. சட்டப்படியும் குற்றம். சோலார் வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் கருவி, அது வேறு. இந்த அளவுக் கூண்டுக்கு அதுவும் தேவையில்லை.

மரநாய், கீரி, காட்டுப்பூனை, உடும்பு, சாரை, நாகம் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பாதுகாப்புப் பட்டியல்களில் இருப்பவை. கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பொறி வைத்துப் பிடிப்பதும், பிடித்து வேறிடத்தில் விடுவதும் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது.

சட்டத்தை விடுங்கள், பிடித்துக்கொண்டு போய் விடுவதால் பலனே இல்லை. மரநாய் தனக்கென்று ஒரு வட்டாரம் வைத்து வாழ்கிறது. அதை அகற்றினால் அந்த இடம் காலி, பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து உட்காரும். கூண்டு அதே கூண்டுதான், புதிதாக வந்தது அதே ஓட்டைத் தூக்கும். பிடிபட்டது தாயாக இருந்தால் கூரைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும், நாற்றத்தில்தான் உங்களுக்குத் தெரியவரும். கூண்டைத் திருத்திவிட்டால் அதே மரநாய் உங்கள் தோப்பிலேயே இருந்துகொண்டு எலியும் பழமும் தின்று வாழும். நீங்கள் பார்த்த எச்சத்தில் அத்தி விதையும் சப்போட்டா விதையும் இருந்ததே, அதன் அன்றாட உணவு அதுதான். கோழி எளிதாகக் கிடைத்ததால் எடுத்தது.

எலிக்குப் புரோமடியலோன் வகை வில்லை வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் குறையுங்கள். தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் மரநாய்க்கும் அந்த நஞ்சு ஏறும். ஒட்டும் அட்டையில் பாம்பும் ஆந்தையும்கூட மாட்டி அணு அணுவாகச் சாகின்றன, அதை வாங்கவே வேண்டாம்.

மினுக்கும் விளக்கு, ரேடியோ, பழைய சிடி கட்டித் தொங்கவிடுவது எல்லாம் சில இரவுக்குத்தான். ஆபத்தில்லை என்று பழகியதும் விளக்கடியிலேயே வந்து நிற்கும். நாய் உதவும், ஆனால் கூண்டிலிருந்து 30 அடிக்குள் இரவில் இருந்தால்தான். வாசலில் கட்டிய நாய் குரைக்கும்போது பின்பக்கத்தில் வேலை முடிந்திருக்கும். கினிக்கோழி நன்றாகச் சத்தம் போடும், எழுந்து போக ஆள் இருந்தால் பயன்.

கூண்டைச் சுற்றி 30 அடிக்குள் விழுந்த சப்போட்டா, பப்பாளி, மாம்பழத்தை மாலைக்குள் பொறுக்கிவிடுங்கள். செத்த கோழியையும் குடலையும் வேலியோரம் எறியாமல் 2 அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எறிந்தால் நரிக்கும் நாய்க்கும் நாமே வழி காட்டியதாகும்.

நாகதாளி பதில்:

பாம்புப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கோழி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வருவது முதலில் எலியைத் தேடி. எலி வருவது சிந்திய தீவனத்துக்கு. மாலையில் கோழி கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போட்டு, மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். மூட்டையாக வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள், பிளாஸ்டிக் டிரம்மைப் பெருச்சாளி கடித்துத் துளைக்கும். கூண்டுக்கடியில் வளை தெரிந்தால் பாம்பு உள்ளே இருக்கலாம், உடனே மண் தள்ளி மூடாதீர்கள். வாயில் காய்ந்த இலையை லேசாக வைத்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால் கல்லும் கலவையும் போட்டு அடையுங்கள்.

விறகு, ஓடு, தேங்காய் மட்டை, பன்னாடைக் குவியல் எதுவும் கூண்டை ஒட்டி வேண்டாம். 20 அடியாவது தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்திக் கல்மேல் அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பாம்பு தங்காது.

முட்டையைக் காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க முட்டை கிடக்கக் கூடாது. அடைப்பெட்டியைத் தரையில் வைக்காமல், அரை அங்குலக் கம்பியடித்த தனிப்பெட்டியாக 3 அடி உயரத்தில் வையுங்கள். பெட்டிக்குள் கையை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள், பகலாக இருந்தாலும். கோழியைத் தூக்கும்போது ஒரு குச்சியால் அதை எழுப்பிவிட்டு, அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்த பிறகே கை.

நைலான் வலை, பழைய மீன்வலை, கொசுவலைத் துணி இவற்றைத் தரையோடு தொங்கவிடாதீர்கள். சாரை அதில் தலையை நுழைத்தால் செதில் பின்வாங்க விடாது. முன்னால் போகப் போக இறுகி, வெயிலில் கிடந்து சாகும். எலி பிடிக்கத் தோப்பில் இருக்கும் நல்ல துணை இப்படித்தான் வீணாகிறது. மாட்டிய பாம்பு நாகமாக இருந்தால் அறுத்துவிடப் போகும் ஆளுக்கும் ஆபத்து. மேலே நைலான் வலை போடுவதாக இருந்தால் இழுத்துக் கட்டி, தரையிலிருந்து 3 அடிக்கு மேல் நிறுத்திவிடுங்கள்.

அந்துருண்டை, ஃபினாயில், பூண்டுத் தண்ணீர், மண்ணெண்ணெய் ஒன்றும் பாம்பைத் தடுக்காது. கோழிக்கும் மண்ணுக்கும்தான் கேடு.

கூண்டுக்குள் பாம்பைப் பார்த்தால் கோழியைத் திறந்து விட்டுவிட்டு, கண் பார்வையில் வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். வழி இருந்தால் பெரும்பாலும் அதுவே போய்விடும். போகவில்லையென்றால் தீயணைப்புத் துறைக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். சாரைதானே என்று நீங்களே கம்பெடுத்துத் தள்ளாதீர்கள், அரையிருட்டில் சாரையையும் நாகத்தையும் தவறாகப் பார்ப்பது சகஜம். கடித்துவிட்டால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையோ காலோ அசையாமல் பலகை வைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு கழற்றி, 108-இல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராவது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

கீரி, மரநாய், நாய் எது கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அடைக்கோழி பதில்:

குஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை தம்பி, அதனால் எழுதுகிறேன். முதல் எட்டு வாரம் குஞ்சைத் தாயோடு 6 அடிக்கு 4 அடி கம்பிச் சட்டத்துக்குள் மேய விடுங்க. மேலேயும் கம்பி வேணும். காகம் இரண்டு வாரம் வரைக்கும் உள்ள குஞ்சைத் தூக்கும், வல்லூறும் பருந்தும் அதற்குப் பிறகும் தூக்கும். சட்டத்தைத் தினமும் இடம் மாற்றி வைத்தால் புல்லும் பூச்சியும் புதிதாகக் கிடைக்கும்.

பெரிய கோழிக்கு மேய்ச்சல் இடத்தில் ஒதுங்க மறைவு வேணும். வெட்டவெளியாக இருக்கக் கூடாது. ஆடாதோடை, செம்பருத்தி, முருங்கைக் கன்று என்று 15 அடிக்கு ஒரு புதர் விடுங்க. பருந்தின் நிழல் விழுந்ததும் தாய் குரல் கொடுக்கும், குஞ்சு புதருக்குள் ஓடிவிடும். இரட்டைவால் குருவி கூடு கட்டிய மரம் பக்கத்தில் இருந்தால் அதை வெட்டிவிடாதீங்க. தன் கூட்டுப் பக்கம் வரும் காகம், பருந்து எல்லாவற்றையும் அது துரத்தித் துரத்திக் கொத்தும். அதன் நிழலில் நம் குஞ்சும் பிழைக்கும்.

மரத்தில் அடையும் பழக்கம் உள்ள கோழி இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். அதைக் கவனித்துப் பிடித்து அடையுங்க. முருங்கையில் தூங்கும் கோழியை மரநாய் எடுக்க ஒரு சிரமமும் இல்லை. இருட்டும் முன் அடைத்து, நன்றாக விடிந்து ஏழு மணிக்கு மேல் திறந்துவிடுங்க.

ஓட்டுவீடு கேட்டது:

இதே திரியில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஓட்டு வீட்டின் மச்சில் மரநாய் தங்குகிறது. இரவில் தடதடவென்று ஓட்டம், மூத்திர நாற்றம். பகலில் மெல்லிய கீச்சுச் சத்தமும் கேட்கிறது. நுழையும் ஓட்டை தெரியும். இப்போதே அடைத்துவிடலாமா?

தடம்_பார் பதில்:

இப்போது அடைக்காதீர்கள். பகலில் கீச்சுச் சத்தம் என்றால் குட்டிகள் இருக்கின்றன. ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து வரை போடும். இப்போது அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. தாய் ஓட்டையும் மச்சுப் பலகையையும் பிய்த்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும், உங்களுக்குச் சேதம் அதிகம். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாயோடு வெளியே கிளம்பும். அதுவரை பொறுக்க முடியாத நெருக்கடி என்றால், மச்சில் ஒரு எல்இடி பல்பை இரவும் பகலும் எரியவிட்டு, பக்கத்தில் ரேடியோவைப் பேச்சு நிகழ்ச்சியில் தணிவாக வையுங்கள். சில தாய்கள் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு தானே வேறிடம் மாற்றிவிடும். குட்டியைக் கையால் எடுத்து வெளியே வைக்காதீர்கள்.

குட்டிச் சத்தம் நின்ற பிறகு, நுழையும் ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கி லேசாக அடைத்து வையுங்கள். தள்ளியிருந்தால் இன்னும் வந்துபோகிறது. அப்போது ஓட்டையின் வெளிப்பக்கம் ஒருவழிக் கதவு மாட்டலாம்: அரை அங்குலக் கம்பியில் ஒரு அடிச் சதுரத் துண்டு, மேல்விளிம்பு மட்டும் கம்பி வளையத்தில் தொங்க வேண்டும், கீழ்விளிம்பு சுவரில் சாய்ந்து ஓட்டையைத் தாண்டி 3 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து இழுக்கப் பிடி கிடைக்காது. காகிதம் மழையில்லாத மூன்று இரவு தொடர்ந்து அசையாமல் இருந்தால்தான் நிரந்தரமாக அடைக்க வேண்டும்.

கம்பிவேலை பதில்:

ஒருவழிக் கதவின் கீழ்விளிம்பில் அறுத்த கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், மடித்துவிடுங்கள், வெளியே வரும்போது வயிற்றைக் கிழிக்கும். அடைக்கும்போது அந்த ஒரு ஓட்டையோடு நிற்காமல் மச்சுக்குள் பகலில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதென்று பாருங்கள். நாலு அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி எல்லாவற்றையும் கம்பி அடித்து மூட வேண்டும். சுவர் முகட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள காற்றுச் சந்தைச் சிமெண்ட் போட்டு அடைக்காமல் கம்பியாலேயே அடையுங்கள், மச்சு வேகாமல் இருக்கும். எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். ஒரு பங்கு ப்ளீச்சிங் கரைசலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஊறியபின், முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளிப் புதையுங்கள்.

தோப்புவீடு:

அனைவருக்கும் நன்றி. கம்பி வாங்கியாயிற்று, கோழிகள் இப்போது ஸ்டோர் ரூமில். ஒரு சந்தேகம்: கம்பிக்கூரையை முதலில் போடவா, தரையில் படுக்கும் கீழ்ப் பாவாடைக் கம்பியையா?

கம்பிவேலை பதில்:

கூரை முதலில். உங்களுக்கு மரநாய் வருவது மேலேதான், மாங்கிளையையும் அன்றே வெட்டிவிடுங்கள். பழைய கோழிவலையை இப்போது கழற்ற வேண்டாம், புதுக்கம்பி அதற்கு வெளிப்பக்கம் ஏறட்டும். எல்லாம் முடிந்தபின் உள்ளேயிருந்து வெட்டி எடுத்துவிடலாம். வெட்டிய துண்டுகளைத் தோப்பில் போடாதீர்கள், சாரை மாட்டும்.

கூண்டை முதல்முறை பூட்டும் முன் உள்ளே நாலு மூலையும், அடைப்பெட்டி அடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே எதையும் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.